அரிசி, சப்பாத்தியைக் குறைத்தால் மனநிலை மாறுமா? மூளைக்குள் நடப்பது என்ன?

புதுடெல்லி: மாவுச்சத்தைக் குறைத்தால் உடல் எடை குறையும், ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் வரும் என்பது பலரும் அறிந்ததே. ஆனால், சோற்றையும் சப்பாத்தியையும் ஒரே நாளில் நிறுத்தியவர்கள் முதல் வாரத்தில் எதிர்கொள்வது எடை குறைவை மட்டுமல்ல. எரிச்சல், தலைவலி, சோர்வு, கவனச் சிதறல் ஆகியவையும் சேர்ந்தே வருகின்றன. அதே உணவு முறையைச் சில வாரங்கள் தொடர்ந்தவர்களில் ஒரு சாரார் மனம் தெளிவடைந்ததாகக் கூறுகின்றனர். மற்றொரு சாராரோ மாதங்கள் கடந்தும் மனம் ஒட்டவில்லை என்கின்றனர்.

ஒரே உணவு முறை இருவேறு விளைவுகளைத் தருவது எப்படி? "மாவுச்சத்துக் குறைப்பு" என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு உணவு முறைகள் அழைக்கப்படுவதே இந்தக் குழப்பத்துக்கு முக்கியக் காரணம். அவை மூளையில் ஏற்படுத்தும் மாற்றங்களும் ஒன்றல்ல.

இந்தியாவுக்கு ஏன் முக்கியம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆதரவுடன் நடத்தப்பட்ட 'இந்தியாப்' ஆய்வின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டு வெளியாகின. நாட்டில் 10.1 கோடி பேர் நீரிழிவு நோயுடனும், 13.6 கோடி பேர் நீரிழிவுக்கு முந்தைய நிலையிலும் இருப்பதாக அந்த ஆய்வு மதிப்பிட்டது. அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2025-இல் வெளியான கட்டுரை, இந்தியர்கள் நாள்தோறும் பெறும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே கிடைப்பதாகத் தெரிவித்தது. புரதத்தின் பங்கு 12 சதவீதம் மட்டுமே.

எனவே, "மாவுச்சத்தைக் குறையுங்கள்" என்ற அறிவுரை இன்று கோடிக்கணக்கானோருக்கு வழங்கப்படுகிறது. நீரிழிவு உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைக் காட்டிலும் கூடுதலாகக் காணப்படுவது பல நாடுகளில் உறுதி செய்யப்பட்ட ஒன்று. ஆகவே, உணவை மாற்றும்போது சர்க்கரை அளவைக் கவனிப்பதைப் போலவே மனநிலையையும் கவனிக்க வேண்டிய தேவை எழுகிறது.

மூன்று வகைக் குறைப்பு

நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்ணும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அதில் 62 சதவீதம் மாவுச்சத்து என்றால், அவர் சுமார் 310 கிராம் மாவுச்சத்து உண்கிறார் என்று பொருள்.

முதல் வகை, மிதமான குறைப்பு. இந்தியாப் ஆய்வில் பங்கேற்ற 18,090 பேரின் உணவுத் தரவுகளை ஆராய்ந்து 2022-இல் ஒரு பரிந்துரை வெளியிடப்பட்டது. புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்டவர்களுக்கு நோய் தணிய வேண்டுமானால், மாவுச்சத்தை மொத்த ஆற்றலில் 49 முதல் 54 சதவீதமாகக் குறைத்து, புரதத்தை 19 முதல் 20 சதவீதமாக உயர்த்தலாம் என்பதே அதன் சாரம். இதன்படி மேற்கூறிய நபர் உண்ண வேண்டியது சுமார் 250 கிராம்.

இரண்டாம் வகை, நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் குறைவான மாவுச்சத்து. மருத்துவ ஆய்வுகளில் "குறைந்த மாவுச்சத்து உணவு" என்று பெரும்பாலும் குறிப்பிடப்படுவது இதுவே.

மூன்றாம் வகை, நாளொன்றுக்கு 50 கிராம் அல்லது அதற்கும் குறைவு. இதுவே 'கீட்டோ' உணவு முறை. இதில் ஆற்றலின் பெரும்பகுதி கொழுப்பிலிருந்து கிடைக்கிறது.

சமூக ஊடகங்களில் மனத் தெளிவு, உற்சாகம் என்று பேசப்படும் பலன்களில் பெரும்பாலானவை மூன்றாம் வகையைப் பற்றியவை. இந்தியர்களில் பெரும்பாலோருக்குப் பரிந்துரைக்கப்படுவதோ முதல் வகை. ஒன்றின் பலனையோ பக்கவிளைவையோ மற்றொன்றின் மீது ஏற்றிப் பார்ப்பது சரியாகாது.

மூளைக்கு எரிபொருள் எது?

உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவீதம். ஆனால், ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை மூளையே எடுத்துக்கொள்கிறது. வழக்கமான உணவு உண்பவரின் மூளைக்கு நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் குளுக்கோஸ் தேவைப்படுகிறது. கொழுப்பு அமிலங்களை மூளையால் எரிபொருளாகப் பெரிதும் பயன்படுத்த இயலாது.

உணவில் மாவுச்சத்து வெகுவாகக் குறையும்போது, கல்லீரல் தன்னிடம் சேமித்து வைத்துள்ள கிளைகோஜனை முதலில் கரைக்கிறது. அதுவும் தீரும் நிலையில், கொழுப்பைச் சிதைத்துக் கீட்டோன்கள் என்ற பொருள்களை உருவாக்குகிறது. இவை ரத்தத்தின் வழியே மூளையைச் சென்றடைந்து மாற்று எரிபொருளாகின்றன. அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் காஹிலின் குழுவினர் 1967-இல் வெளியிட்ட ஆய்வு, பல வாரங்கள் பட்டினி இருந்தவர்களின் மூளை தன் ஆற்றல் தேவையில் பெரும்பகுதியைக் கீட்டோன்களைக் கொண்டே நிறைவு செய்துகொண்டதைக் காட்டியது.

அந்தக் காலத்திலும் மூளைக்கு ஓரளவு குளுக்கோஸ் தேவைப்படவே செய்கிறது. புரதத்தின் பகுதிகளிலிருந்தும் கொழுப்பின் ஒரு பகுதியிலிருந்தும் கல்லீரலே அதைத் தயாரித்துக் கொடுக்கிறது. ஆகவே, "மாவுச்சத்து உண்ணாவிட்டால் மூளை செயலிழந்துவிடும்" என்பது தவறு. "மூளைக்குக் குளுக்கோஸே தேவையில்லை" என்பதும் தவறு.

முதல் வாரத்து எரிச்சல்

எரிபொருள் மாற்றம் ஒரே இரவில் நிகழ்வதில்லை. கிளைகோஜன் குறைந்து, கீட்டோன்கள் போதிய அளவு உருவாவதற்குள் இடைப்பட்ட நாள்கள் சில உண்டு. கீட்டோ உணவைத் தொடங்கியவர்களிடம் தலைவலி, சோர்வு, எரிச்சல், குமட்டல், தூக்கக் குறைவு போன்றவை தென்படுவது பெரும்பாலும் இந்த நாள்களில்தான். இது 'கீட்டோ காய்ச்சல்' என்று அழைக்கப்பட்டாலும் உண்மையில் காய்ச்சல் அல்ல; தொற்றும் அல்ல.

இதில் உப்புக்கும் நீருக்கும் பெரும் பங்கு உண்டு. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னுடன் சில கிராம் நீரைச் சேர்த்தே சேமிக்கிறது. கிளைகோஜன் கரையும்போது அந்த நீரும் வெளியேறுகிறது. மாவுச்சத்து குறைந்து இன்சுலின் சுரப்பு தாழும்போது, சிறுநீரகங்கள் சோடியத்தைக் கூடுதலாக வெளியேற்றுகின்றன. முதல் வாரத்தில் தராசு காட்டும் எடை இழப்பில் கணிசமான பகுதி நீர்தான். அதே நீரிழப்பும் சோடிய இழப்பும்தான் தலைச்சுற்றலையும் சோர்வையும் தருகின்றன.

நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது சல்போனைல்யூரியா வகை மாத்திரைகள் எடுத்துக்கொள்பவர்களின் நிலை வேறு. உணவைக் குறைத்துவிட்டு மருந்தின் அளவை மாற்றாமல் தொடர்ந்தால், ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் சரியலாம். அப்போது உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, காரணமற்ற பதற்றம், திடீர்க் கோபம் ஆகியவை அதன் அறிகுறிகள். இதை மனப் பிரச்சினை என்று தவறாகக் கருத வாய்ப்புண்டு; உடனடியாகச் செய்ய வேண்டியது சர்க்கரை அளவைப் பரிசோதிப்பதே.

செரோடோனினும் மாவுச்சத்தும்

மனநிலையை ஒழுங்குபடுத்தும் வேதிப்பொருள்களில் செரோடோனின் முக்கியமானது. மூளை இதை ட்ரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து தயாரிக்கிறது. ட்ரிப்டோஃபேன் புரத உணவுகளில்தான் உள்ளது. ஆனால், அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய வேறு பல அமினோ அமிலங்களுடன் ஒரே வாசலில் போட்டியிட வேண்டியுள்ளது.

இங்குதான் மாவுச்சத்து நுழைகிறது. மாவுச்சத்து உண்டதும் சுரக்கும் இன்சுலின், போட்டியிடும் அமினோ அமிலங்களைத் தசைகளுக்குள் தள்ளிவிடுகிறது. ட்ரிப்டோஃபேனுக்கு வழி திறக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி நிறுவன ஆய்வாளர்கள் ஜான் ஃபெர்ன்ஸ்ட்ராம், ரிச்சர்ட் வுர்ட்மன் ஆகியோர் 1970-களின் தொடக்கத்தில் எலிகளிடம் இந்த வழிமுறையை விளக்கினர். மாவுச்சத்தைக் குறைத்தால் மனம் சோர்கிறது என்ற கருத்துக்குப் பெரும்பாலும் இதுவே அடிப்படையாகச் சொல்லப்படுகிறது.

ஆனால், இந்த விளக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. உணவில் சிறிதளவு புரதம் இருந்தாலே இந்த விளைவு பெரிதும் மங்கிவிடுகிறது. சோற்றுடன் பருப்பும், சப்பாத்தியுடன் பாலாடைக்கட்டியும் தயிரும் உண்ணும் இந்திய வீடுகளில் மாவுச்சத்து மட்டுமே கொண்ட வேளை உணவு அரிது. எனவே, ஒரு சப்பாத்தியைக் குறைத்ததால் மூளையில் செரோடோனின் வீழ்ந்துவிட்டது என்று முடிவு கட்ட இயலாது. உடலின் செரோடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் உருவாகிறது என்பதும் உண்மையே. ஆயினும் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நேரடியாகச் செல்வதில்லை.

வலிப்பு நோயில் கிடைத்த சான்று

உணவின் வழியே மூளையின் செயல்பாட்டை மாற்ற முடியும் என்பதற்கு வலுவான சான்று வலிப்பு நோய்ச் சிகிச்சையில் கிடைத்துள்ளது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் 1921-ஆம் ஆண்டிலேயே வலிப்பு நோய்க்குக் கீட்டோ உணவை முன்மொழிந்தார்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை இத்துறையில் குறிப்பிடத்தக்க ஆய்வுகளை மேற்கொண்டுள்ளது. மருந்துகளுக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயுடைய 102 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2013-இல் வெளியாகின. ஒரு குழுவினருக்கு மருந்துகளுடன், மாவுச்சத்தை நாளொன்றுக்கு 10 கிராமாகக் கட்டுப்படுத்தும் 'திருத்தப்பட்ட அட்கின்ஸ்' உணவு வழங்கப்பட்டது. 3 மாதங்களுக்குப் பின், அக்குழுவில் 52 சதவீதக் குழந்தைகளுக்கு வலிப்பின் எண்ணிக்கை பாதிக்கும் கீழ் குறைந்தது. மருந்து மட்டும் பெற்ற குழுவில் இது 11.5 சதவீதம். 2023-இல் வெளியான மற்றோர் எய்ம்ஸ் ஆய்வு, வளரிளம் பருவத்தினரும் பெரியவர்களுமாக 160 பேரை 6 மாதங்கள் கண்காணித்தது. உணவுக் குழுவில் சுமார் 26 சதவீதத்தினருக்கும், மருந்து மட்டும் பெற்ற குழுவில் சுமார் 3 சதவீதத்தினருக்கும் அதே அளவு பலன் கிடைத்தது.

இது எவ்வாறு நிகழ்கிறது? மூளை நரம்புகளைத் தூண்டும் முதன்மை வேதிப்பொருள் குளுட்டமேட். அமைதிப்படுத்தும் முதன்மை வேதிப்பொருள் காபா. கீட்டோன்கள் எரிபொருளாகும்போது இவற்றுக்கு இடையிலான சமநிலை காபாவின் பக்கம் சாய்வதாகக் கருதப்படுகிறது. நரம்பு செல்களின் ஆற்றல் உற்பத்தி சீராவதும், அழற்சி குறைவதும் மற்ற சாத்தியமான காரணங்கள். வலிப்பைத் தடுக்கும் சில மருந்துகள் மனநிலைக் கோளாறுகளுக்கும் பயன்படுவதால், இந்த உணவு முறை மனநோய்களிலும் பயனளிக்குமா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது.

மனநிலை குறித்த ஆய்வுகள் கூறுவது

ஆஸ்திரேலியாவில் உடல் பருமன் கொண்ட 106 பேரிடம் ஓராண்டு நடத்தப்பட்ட ஆய்வு 2009-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு மிகக் குறைந்த மாவுச்சத்து உணவு. மற்றொரு குழுவுக்கு, கலோரி அளவு மாறாமல், கொழுப்பு குறைந்த உணவு. இரு குழுவினரும் சராசரியாக 13.7 கிலோ எடை குறைந்தனர். முதல் 8 வாரங்களில் இரு குழுவினரின் மனநிலையும் மேம்பட்டது. ஆனால், ஓராண்டு முடிவில் அந்த மேம்பாடு கொழுப்பு குறைந்த உணவு உண்டவர்களிடம் மட்டுமே நிலைத்தது. மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்தவர்களின் மனநிலை பழைய நிலைக்கே திரும்பியது.

அதே ஆய்வுக் குழுவினர் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் நடத்திய ஓராண்டு ஆய்வு 2016-இல் வெளியானது. அதில் இரு உணவு முறைகளிலும் மனநிலை ஏறத்தாழ ஒரே அளவில் மேம்பட்டது. மாவுச்சத்தைக் குறைப்பது மனதுக்கு நன்மை என்றோ தீமை என்றோ பொதுவாகக் கூற முடியாது என்பதையே இவ்விரு ஆய்வுகளும் சேர்ந்து உணர்த்துகின்றன.

மாவுச்சத்தின் தரமும் கவனத்துக்குரியது. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற சுமார் 70,000 பெண்களின் தரவுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான கட்டுரை, ரத்தச் சர்க்கரையை வேகமாக உயர்த்தும் உணவுகளையும் சேர்க்கப்பட்ட சர்க்கரையையும் அதிகம் உண்டவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக ஏற்பட்டதைக் கண்டறிந்தது. நார்ச்சத்து, பழம், காய்கறி அதிகம் உண்டவர்களிடம் அது குறைவாக இருந்தது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வே தவிர, உணவுதான் காரணம் என்று நிறுவும் ஆய்வு அல்ல.

தீவிர மனநோய்களைப் பொறுத்தவரை ஆய்வுகள் தொடக்க நிலையிலேயே உள்ளன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மனநல மருத்துவர் ஷெபானி சேத்தி தலைமையில், இருமுனை மனநிலைக் கோளாறு அல்லது மனச்சிதைவு நோய் உள்ள 21 பேருக்கு 4 மாதங்கள் கீட்டோ உணவு வழங்கப்பட்டது. 2024-இல் வெளியான முடிவுகளின்படி, அவர்களின் நோய்த் தீவிர மதிப்பீடு சராசரியாக 31 சதவீதம் மேம்பட்டது. எடையும் குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால், பங்கேற்றவர்கள் மிகச் சிலர். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. அனைத்துக்கும் மேலாக, அவர்கள் தங்கள் மருந்துகளை நிறுத்தவில்லை. மருத்துவக் கண்காணிப்பில் மருந்துகளுடன் சேர்த்தே இந்த உணவை உண்டனர்.

யாருக்கு ஆபத்து?

லித்தியம் உட்கொள்பவர்கள்: இருமுனை மனநிலைக் கோளாறுக்கு வழங்கப்படும் லித்தியத்தின் ரத்த அளவு, உடலின் சோடிய அளவுடன் நெருங்கிய தொடர்புடையது. மாவுச்சத்தைத் திடீரெனக் குறைக்கும்போது ஏற்படும் உப்பு, நீர் இழப்பு லித்தியத்தை நச்சு அளவுக்கு உயர்த்தக்கூடும். நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள்.

குறிப்பிட்ட நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள்: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற எஸ்ஜிஎல்டி2 வகை மருந்துகளுடன் கீட்டோ உணவும் சேர்ந்தால், ரத்தத்தில் அமிலத்தன்மை ஆபத்தான அளவுக்கு உயரும் 'கீட்டோஅசிடோசிஸ்' ஏற்படலாம். அப்போது சர்க்கரை அளவு அதிகமாகக் காட்டாமலும் இருக்கலாம் என்பதால் நோயைக் கண்டறிவது தாமதமாகிறது. வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு இருந்தால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரக நோயாளிகள், உணவு உண்ணும் பழக்கத்தில் கோளாறு இருந்தவர்கள் ஆகியோரும் மருத்துவர் ஆலோசனையின்றிக் கீட்டோ உணவைத் தொடங்கக் கூடாது. மனநல மருந்துகளை எந்த உணவு முறையின் பெயராலும் தாமாக நிறுத்துவது, நோய் திரும்பவும் தற்கொலை எண்ணம் தலைதூக்கவும் வழிவகுக்கலாம்.

எப்படிக் குறைப்பது?

மிதமான குறைப்புக்குக் கீட்டோன்கள் தேவையில்லை; முதல் வாரத்து அவதியும் பெரும்பாலும் ஏற்படுவதில்லை. அதில் முக்கியமானது, குறைத்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதே. மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் ஆற்றலில் 5 சதவீதத்தைப் பருப்பு, பயறு போன்ற தாவரப் புரதத்தாலோ பால் சார்ந்த புரதத்தாலோ ஈடுசெய்தால் நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு குறைவதாக 2025-ஆம் ஆண்டு இந்தியாப் கட்டுரை குறிப்பிட்டது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், அரிசிக்குப் பதிலாகக் கோதுமை அல்லது சிறுதானியத்துக்கு மாறுவதில் மட்டும் அத்தகைய பலன் தென்படவில்லை.

தானியத்தைத் தவிர்ப்பதும் மாவுச்சத்தைத் தவிர்ப்பதும் ஒன்றல்ல. வட மாநிலங்களில் நவராத்திரி விரத நாள்களில் அரிசியும் கோதுமையும் விலக்கப்படுகின்றன. ஆனால், அவற்றுக்குப் பதிலாக உண்ணப்படும் ஜவ்வரிசி கிச்சடி, உருளைக்கிழங்கு, சிங்காடா மாவுப் பூரி ஆகிய அனைத்திலும் மாவுச்சத்தே மிகுதி.

நான்கு சப்பாத்தி உண்பவர் முதல் வாரம் மூன்றாகவும், பின்னர் இரண்டாகவும் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, ராஜ்மா, சோயா, தயிர், முட்டை, காய்கறி ஆகியவற்றைச் சேர்ப்பது எளிய வழி. இனிப்புப் பானங்களையும் மைதா தின்பண்டங்களையும் முதலில் நிறுத்துவது நல்லது. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

உணவை மாற்றிய நாளிலிருந்து எடையையும் சர்க்கரையையும் குறித்து வைப்பதுபோல, தூக்கம், எரிச்சல், உற்சாகம் ஆகியவற்றையும் நாள்தோறும் ஒரு வரியில் குறித்து வைக்கலாம். முதல் சில நாள்களின் சோர்வு வடிந்துவிட்டால் கவலையில்லை. தாழ்ந்த மனநிலையோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதை உணவு மாற்றத்தின் பக்கவிளைவு என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவரை அணுக வேண்டும்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநலப் பாதிப்பு உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறுவதில்லை என்று கண்டறிந்தது; இந்த விகிதம் பாதிப்பின் வகையைப் பொறுத்து மாறுகிறது. இந்த இடைவெளியைக் குறைக்க மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி 'டெலி மானஸ்' சேவையைத் தொடங்கியது. மன உளைச்சலில் இருப்பவர்கள் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசி ஆலோசனை பெறலாம்.